மின்னட்டும், விடுங்கள், உயரத்தைப் பற்றிப் பேசுவோம்

கல்யாண வரவேற்பில் மேடைக்கு எதிரே முன்வரிசையில் உட்காரும் பெரியம்மாக்களுக்கும் சித்திகளுக்கும் அத்தைகளுக்கும் மாமிகளுக்கும்,



தை பிறந்துவிட்டால் அடுத்தடுத்து முகூர்த்தம். முந்தின நாளோ அன்று மாலையோ வரவேற்பு நடக்கிறது. மணப்பெண் மேடைப் படியில் கால் வைக்கும்போது புடவைக் கரை கொஞ்சம் உயர்கிறது. உள்ளே இருப்பது கல் பதித்து, ஜிகினா பூசி, வெள்ளி நிறத்தில் மின்னும் ஹீல்ஸ். உடனே முன்வரிசையில் தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. “என்னடி இது, கரகாட்டக்காரி மாதிரி?” என்கிறார் ஒருவர். “ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு காசா?” என்கிறார் அடுத்தவர். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதானே பிடிக்குது, விடுங்க” என்று மூன்றாமவர் சமாதானம் சொல்கிறார். பின்வரிசையில் இருக்கும் கல்லூரிப் பெண்களோ அதே செருப்பைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து, எந்தக் கடை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே மண்டபத்தில், ஒரே குடும்பத்தில், ஒரு ஜோடிச் செருப்பைப் பற்றி இத்தனை அபிப்பிராயங்கள். எனக்கும் ஒன்று உண்டு. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல். ஏன் உங்களிடம் என்றால், வீட்டில் ஒரு பெண் என்ன உடுத்துவாள், எப்படி நிற்பாள், எவ்வளவு நேரம் நிற்பாள் என்பதெல்லாம் கடைசியில் உங்கள் சொல்லில்தான் முடிவாகிறது. கடைக்காரரிடமோ மேக்கப் கலைஞரிடமோ போட்டோகிராபரிடமோ பேசிப் பயனில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் மாறிக்கொள்வார்கள்.

அந்தச் செருப்பில் பளபளப்பு என்று ஒன்று இருக்கிறது, உயரம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பளபளப்பைத் திட்டுவதை நீங்கள் நிறுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். உயரத்தைப் பற்றி, இதுவரை கேட்காத கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

முதலில் பளபளப்பு. காலை அலங்கரிப்பதை நமக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. பிறந்த குழந்தைக்குத் தண்டை போட்டோம். நடக்கத் தொடங்கியதும் கொலுசு போட்டு, அதன் சத்தத்தை வைத்தே பிள்ளை எந்த அறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். நலங்கு வைக்கும்போது பாதத்துக்கு மஞ்சளும் செம்பஞ்சுக் குழம்பும் பூசினோம். மருதாணியை உள்ளங்கையோடு நிறுத்தாமல் கால் விரல் நுனிவரை இட்டோம். மெட்டி போடும் சடங்குக்கு ஊரையே சுற்றி நிறுத்தினோம். தமிழின் முதல் பெருங்காப்பியத்தின் கதையே ஒரு பெண் காலில் அணியும் சிலம்பில்தான் திரும்புகிறது. அதன் உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்ற கேள்விக்கு ஓர் அரசன் உயிரையே விலையாகக் கொடுக்கிறான். காலில் ஒளி இருப்பது நம் கண்ணுக்குப் பழகிய அழகு. இன்றைய பெண் அந்த ஒளியைச் செருப்பின் மேல் வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

“கரகாட்டக்காரி மாதிரி” என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தலையில் கரகத்தைச் சுமந்துகொண்டு இரவு முழுக்க ஆடும் கலைஞரின் உடையில் ஜிகினா இருப்பதற்குக் காரணம் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் கடைசியில் நிற்பவர் கண்ணுக்கும் அவர் தெரிய வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் அந்த உடை மின்ன வேண்டும். அது அவருடைய தொழில் நுட்பம். அவருடைய பெயரை எடுத்து மணப்பெண்ணைக் குத்தும்போது, அங்கே அவமதிக்கப்படுவது இரண்டு பெண்கள்.

மின்னும் காலணியை உலகம் எப்படிப் போற்றி வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1939இல் வந்த ‘தி விசர்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் டோரதி என்ற சிறுமியாக ஜூடி கார்லண்ட் நடித்தார். 1900இல் வெளியான மூலக்கதையில் டோரதியின் காலணி வெள்ளி. படம் டெக்னிகலர் வண்ணத்தில் எடுக்கப்பட்டதால், திரையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று அதைச் சிவப்பாக்கினார்கள். ஆடை வடிவமைப்பாளர் அட்ரியன் சாதாரணச் சிறு குதிகால் ஷூவை எடுத்து, அதன் மேல் சம்கி தைத்த துணியைப் போர்த்தினார். ஒவ்வொரு ஷூவிலும் சம்கி இரண்டாயிரத்துக்கு மேல். ஆடும்போது சத்தம் வராதிருக்க அடியில் ஃபெல்ட் துணி ஒட்டினார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் அது மிக எளிய பொருள்தான்.

அப்படிச் செய்த ஜோடிகளில் ஒன்று 1979 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சம்கி ஜெலட்டினால் செய்யப்பட்டது. அதனால் ஈரமும் வெளிச்சமும் பட்டு நிறம் மங்கத் தொடங்கியது. 2016இல் அதைப் பாதுகாக்க உதவுங்கள் என்று அருங்காட்சியகம் மக்களிடம் கேட்டது. 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பாதுகாப்பு நிபுணர்கள் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு சம்கியாகப் பஞ்சும் சிறு தூரிகையும் கொண்டு துடைத்தார்கள். இன்னொரு ஜோடியை மினசோட்டா மாநிலத்தில், ஜூடி கார்லண்டின் சொந்த ஊர் அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் ஒருவர் திருடினார். உண்மையான மாணிக்கம் என்று நம்பித்தான் எடுத்தாராம். 2018இல் அது மீட்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது கேட்பு விலை 2 கோடியே 80 லட்சம் டாலரில் நின்றது.

இத்தனை பேர் பணம் கொடுத்துப் பாதுகாத்த, இத்தனை விலைக்குப் போன அந்தக் காலணியின் குதிகால் தாழ்வானது. ஒரு சிறுமி அதைப் போட்டுக்கொண்டு கதை முழுக்க நடந்தே போகிறாள். நடக்கவும் ஆடவும் முடிகிற ஷூவின் மேல் இருந்தாலும் பளபளப்பு பளபளப்பாகவே இருக்கும். உயரமான குதிகால் அதற்குத் தேவையே இல்லை. கடைகளில் கல் வைத்த செருப்பு என்றாலே நான்கு அங்குலம் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நமக்கும் இரண்டும் பிரியாதவை என்ற எண்ணம் வந்துவிட்டது.

பளபளப்பில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. இன்று கிடைக்கும் ஜிகினாத் தூளில் பெரும்பாலானது பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு கொடுத்து, பொடிப்பொடியாக நறுக்கியது. உதிர்ந்தால் மண்ணிலும் நீரிலும் கலந்து கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது அதனால்தான். தூள் பூசியதைவிடக் கல் பதித்ததும் சம்கி தைத்ததும் நீடித்து உழைக்கும். கடைக்குக் கூடப் போகிறீர்கள் என்றால் இதைச் சொல்லுங்கள். அது பயனுள்ள அறிவுரை.

இனி உயரம்.

உயரக் குதிகாலைப் பெண்மையின் அடையாளமாக நினைக்கிறோமே, அது முதலில் குதிரை வீரர்களுடையது. பாரசீகத்தில் குதிரையேறி அம்பு எய்த வீரர்கள், கால் அங்கவடியிலிருந்து நழுவாதிருக்கக் குதிகால் வைத்த காலணி அணிந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் ஷா அப்பாஸின் தூதுக் குழு ஐரோப்பாவுக்குப் போனது. அதை ஒட்டிய காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்களும் குதிகால் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் சிவப்புக் குதிகால் அணிந்தான். தன் அரசவையில் இடம்பெற்றவர்கள்தான் அதை அணியலாம் என்றும் வைத்தான். 1701இல் ரிகோ வரைந்த அவனுடைய முழு உருவ ஓவியம் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வைரக் கொளுவி வைத்த வெள்ளை ஷூவும் சிவப்புக் குதிகாலுமாக ஒரு காலை முன்னே நீட்டி நிற்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்கள் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். பெண்களிடம் அது தங்கிவிட்டது.

இன்று நாம் பென்சில் ஹீல் என்று சொல்வது அதற்கெல்லாம் வெகு பின்னால், 1950களில் பிறந்தது. அதுவரை மரத்தால் அவ்வளவு மெல்லிய குதிகால் செய்தால் ஒடிந்துவிடும். உள்ளே எஃகுக் கம்பி வைக்கும் நுட்பம் வந்த பிறகே விரல் பருமனுக்கும் குறைவான குதிகாலில் ஓர் ஆள் நிற்க முடிந்தது. ரோஜர் விவியே, சல்வத்தோரே ஃபெர்ரகாமோ போன்றவர்கள் இந்த வடிவத்தில் பேர் பெற்றவர்கள்.

அதில் நிற்கும் உடலுக்கு என்ன ஆகிறது என்பதை எளிதாகவே சொல்லலாம். வெறுங்காலில் நிற்கும்போது உடல் எடையில் பெரும்பங்கைக் குதிகால் தாங்குகிறது. குதிகால் உயர உயர, எடை பாதத்தின் முன்பகுதிக்குச் சரிகிறது. ஷூவின் முனையோ கூர்மையானது. ஐந்து விரலும் அந்த முனைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு எடையையும் தாங்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைப்பதும், விரல்கள் மடங்கிப்போவதும், முன்பாதத்தில் எரிச்சல் வருவதும் இதனால்தான். உடல் முன்னே சாயாமல் இருக்க முழங்காலும் இடுப்பும் தங்கள் நிலையை மாற்றிக்கொள்கின்றன. பல ஆண்டுகள் தொடர்ந்து ஹீல்ஸ் அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசையிழைகள் குறுகி, குதிகால் நாண் விறைத்துவிடுவதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அவர்களில் பலருக்குத் தட்டைச் செருப்பில் நடப்பதே வலியாகிவிடுகிறது. ஒரு நாள் வரவேற்புக்கு அணிந்தால் இவ்வளவும் வராது. ஆனால் பழக்கமே இல்லாத பெண்ணை ஒரே நாளில் நான்கு அங்குலத்தில் ஏற்றினால் கணுக்கால் பிரளும். அதற்கு ஒரு நொடி போதும். மேடையில் விரித்த கம்பளம், சுருண்டு கிடக்கும் மின்கம்பி, கனமான பட்டுப் புடவையின் கொசுவம், கையில் பூச்செண்டு எல்லாம் சேர்ந்தால் அந்த நொடி எளிதில் வந்துவிடும்.

ஹீல்ஸ் வேண்டாம் என்று வீட்டில் சொல்பவர்களே நாங்கள்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதைப் போடச் சொல்பவர்களும் பல வீடுகளில் நீங்கள்தான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

என் அக்கா மகள் உயரம் குறைவு. மாப்பிள்ளை நல்ல உயரம். நிச்சயத்தன்று எடுத்த படத்தைப் பார்த்ததுமே பேச்சு தொடங்கிவிட்டது. “அவர் தோளுக்குத்தான் வர்றா, ஜோடிப் பொருத்தம் தெரியலையே” என்றார் ஒரு பெரியம்மா. “ஹீல்ஸ் போட்டு நிறுத்துங்க, சரியாப் போகும்” என்றார் அத்தை. அந்தப் பெண் வாழ்நாளில் தட்டைச் செருப்பைத் தவிர எதையும் போட்டதில்லை. மின்னுகிற காலணி வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. கடையில் தாழ்வான குதிகாலில், முத்தும் கல்லும் வைத்த ஒரு ஜோடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கடைசியில் வாங்கியது உயரமானது. வரவேற்பு முழுக்க மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்தபடியே நின்றாள். எவ்வளவு அன்பு பாருங்கள் என்று எல்லோரும் பூரித்தார்கள். விழுந்துவிடக் கூடாதே என்றுதான் பிடித்திருந்தாள் என்று என்னிடம் பிறகு சொன்னாள். அவள் மேடையேறியபோது “ஐயோ, என்ன இப்படி மின்னுது” என்று முகம் சுளித்தவர்களில் உயரம் வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அவளாகக் கேட்டது பளபளப்பு. நாம் சுமத்தியது உயரம். திட்டு விழுந்ததோ அவள் கேட்டதற்கு.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். பெண் உயரமாகவும் மாப்பிள்ளை அவளைவிட ஓரிரு அங்குலம் குறைவாகவும் இருந்தால், அவளுக்குப் பிடித்த ஹீல்ஸைப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்கிறோம். முதுகைக் கொஞ்சம் வளைத்து நிற்கச் சொல்கிறோம். “போட்டோவுல அவர் சின்னதாத் தெரிவார்” என்கிறோம். ஒருத்தியை ஏற்றுகிறோம், இன்னொருத்தியை இறக்குகிறோம். இரண்டிலும் அளவுகோல் மாப்பிள்ளையின் தலை. உயரம் குறைந்த மாப்பிள்ளையிடம் “உள்ளே உயரம் வைத்த ஷூ போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நில்லுங்கள்” என்று முன்வரிசையிலிருந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கணவன் தோளுக்கு வரும் மனைவியும், கணவனைவிட உயரமான மனைவியும் நம் தெருவிலேயே எத்தனையோ பேர் நிறைவாக வாழ்கிறார்கள். படத்துக்காக அந்த உண்மையை ஏன் மறைக்க வேண்டும்?

வரவேற்பு என்ற நிகழ்ச்சியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முகூர்த்தத்தில் மணப்பெண் மணையில் உட்காருகிறாள். அம்மி மிதிக்கும்போது வெறுங்கால். மெட்டி போடும்போது வெறுங்கால். அக்கினியை வலம் வரும்போதும் வெறுங்கால். நம் முன்னோர் வகுத்த சடங்கில் அவள் பாதத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. வரவேற்பில்தான் அவள் நிற்கிறாள். மேடையின் கீழே வரிசை நீண்டுகொண்டே போகும். வந்தவர்கள் எல்லோரும் ஏறி, உறையைக் கொடுத்து, படம் எடுத்து இறங்கும்வரை அவள் உட்கார முடியாது. பின்னால் சிம்மாசனம் போல இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். அவை அலங்காரத்துக்கு இருக்கும். அவள் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்பது எப்போது, யாரால் எழுதப்பட்ட விதி?

நிற்கவைப்பதும் உயரத்தில் ஏற்றுவதும் கல்யாண மண்டபத்தோடு முடிவதில்லை. 2015இல் லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற இளம்பெண் ஓர் அலுவலகத்தில் வரவேற்பாளர் வேலைக்குப் போனார். முதல் நாளே, இரண்டு முதல் நான்கு அங்குலக் குதிகால் இல்லாமல் தட்டைச் செருப்பில் வந்தார் என்று சம்பளமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2017இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை விவாதித்தது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம், பெண் ஊழியரை ஹீல்ஸ் அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதியைத் திருத்தியது. பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை, நின்று வேலை செய்யும் பெண்களுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் குதிகால் கட்டாயமாக்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஜப்பானில் 2019இல் ஹீல்ஸ் கட்டாயத்துக்கு எதிராக யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்துக்கு, அந்நாட்டு அமைச்சர் ஒருவர் ‘வேலைக்குத் தேவையான அளவில் அது சமுதாயம் ஏற்றுக்கொண்டதுதானே’ என்ற பொருளில் பதில் சொன்னார். அடுத்த ஆண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண் ஊழியர்களுக்கான ஹீல்ஸ் விதியைக் கைவிட்டது. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 2015இல் தட்டைச் செருப்பில் வந்த பெண்களைச் சிவப்புக் கம்பளத்தில் தடுத்தார்கள் என்று செய்தி பரவிப் பெரிய சர்ச்சை ஆனது. மறு ஆண்டு அதே கம்பளத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் வெறுங்காலோடு படியேறினார்.

இந்தப் பெண்கள் யாரும் ஹீல்ஸை ஒழிக்கக் கேட்கவில்லை. கட்டாயத்தை ஒழிக்கக் கேட்டார்கள். 1968இல் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டிக்கு எதிராகக் கூடிய பெண்கள், ஒரு குப்பைத் தொட்டியை வைத்து அதில் ஹீல்ஸையும் எறிந்தார்கள். அன்றைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆசைப்பட்டு ஹீல்ஸ் அணியும் பெண்ணை நான் அந்தத் தொட்டியின் பக்கம் இழுக்க மாட்டேன். அதில் நடக்கப் பழகி, அதில் நிமிர்ந்து, தன்னை அழகாக உணரும் பெண்கள் இருக்கிறார்கள். வலிக்கும் என்று தெரிந்தும் ஒரு மாலைக்கு அதைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

நம் ஊரில் அந்தச் செருப்பை விற்கும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். தியாகராய நகரிலோ மதுரையிலோ திருச்சியிலோ கடைக்குப் போனால், மணப்பெண் முன்னால் மண்டியிட்டு, பட்டையைக் கொக்கியில் மாட்டிவிடுகிறாளே, அவள் காலையிலிருந்து நிற்கிறாள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாகப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். சட்டம் வந்துவிட்டது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது முக்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். அவர் உங்களுக்குப் பதில் சொல்வார், அவளுக்குச் சொல்ல மாட்டார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தொழிற்சாலைகளில் அமர்ந்து, ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் தோல் காலணிகளுக்கு மேல்பாகம் தைப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். உலகத்தின் காலுக்கு அழகு சேர்ப்பதில் நம் பெண்களின் கை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மண்ணில் யார் காலில் என்ன இருக்கலாம் என்பது ரசனையோடு நின்ற விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சில தெருக்களைக் கடக்க வேண்டும் என்று தலித் மக்களை வைத்திருந்த ஊர்கள் எத்தனை! 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து இராஜாவூரில், அதுவரை செருப்பணிந்து போக முடியாதிருந்த தெருவில் தலித் மக்கள் ஒன்றுசேர்ந்து செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்தக் கொடுமையையும் மணப்பெண்ணின் ஜிகினாச் செருப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. ஆனால் அடுத்தவர் காலைப் பார்த்து ‘உனக்கு இது எதற்கு’ என்று கேட்கும் பழக்கம் எங்கிருந்து நம் வாய்க்கு வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். லூயி மன்னன் சிவப்புக் குதிகாலுக்கு வேலி போட்டதும் இதே கேள்வியால்தான்.

திருநங்கையரை நினைத்துப் பாருங்கள். கூவாகம் திருவிழாவை ஒட்டி விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியில், மேடையில் மின்னும் கவுனும் மின்னும் ஹீல்ஸுமாக அவர்கள் நடந்து வரும்போது எழும் கைதட்டல் எனக்கு எப்போதும் நெஞ்சை நிறைக்கும். வீட்டில் ஒளித்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்த செருப்பை, ஆயிரம் பேர் பார்க்கப் போட்டு நடப்பது என்றால் சும்மாவா? அவர்களுக்குப் பொருந்தும் அளவில் பெண்கள் காலணி கடையில் கிடைப்பதே அரிது. “இவ்வளவு மின்ன வேண்டுமா?” என்று அவர்களிடம் கேட்க நமக்கு வாய் வராது இல்லையா? நம் வீட்டுப் பெண்ணிடமும் வர வேண்டாம்.

அத்தைகளே, உங்களில் பலர் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் கல்லூரிக்குப் போனவர்கள். அப்போதைய கறுப்பு வெள்ளைப் படங்களில் உங்கள் காலில் கட்டை வைத்த செருப்பைப் பார்த்திருக்கிறேன். பெல்பாட்டம் போட்ட மாமாக்களின் காலிலும் அதே உயரம் இருக்கிறது. அன்று உங்கள் பாட்டிமார் பேசியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் படங்களில் நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்.

வரப்போகும் கல்யாணத்துக்கு உங்களால் ஆகக்கூடியவை சில இருக்கின்றன. செருப்பு வாங்கும் நாளில் கூடப் போனால், மாப்பிள்ளை உயரத்தைப் பற்றிய பேச்சை எடுக்காதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நான்கைந்து முறை நடந்து பார்க்க மணப்பெண்ணிடம் சொல்லுங்கள். முடிந்தால் மாலையில் போங்கள். நாள் முழுக்க நடமாடிய கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது பொருந்துவதே வரவேற்பிலும் பொருந்தும். பென்சில் ஹீலைவிட அகலமான கட்டைக் குதிகால் கம்பளத்தில் தடுமாறாது. கணுக்காலைச் சுற்றிப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. தாழ்வான குதிகாலில் கல் வைத்தது இல்லை என்று கடைக்காரர் சொன்னால், ஏன் இல்லை என்று கேளுங்கள். நான்கு கல்யாண வீட்டார் கேட்டால் ஐந்தாவது வீட்டுக்கு வரவழைத்து வைத்திருப்பார். சாதாரணச் செருப்பில் சம்கியும் கல்லும் தைத்துக் கொடுக்கும் ஆரி வேலைக்காரர்களும் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரவிக்கைக்குக் கொடுக்கும்போதே அதையும் கொடுக்கலாம்.

வாங்கிய பிறகு வீட்டில் தினம் கொஞ்ச நேரம் போட்டு நடந்து பழகட்டும். புடவை கட்டும்போது அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கரை தூக்கிக்கொள்ளும், இல்லையேல் காலில் சிக்கும். மேடைக்குப் பின்னால் ஒரு பையில் அவளுடைய வீட்டுச் செருப்பு இருக்கட்டும்; தரையைத் தொடும் புடவைக்குள் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. வரிசை நீளும்போது உங்களில் ஒருவர் எழுந்துபோய், “கொஞ்சம் உட்காரும்மா” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். உட்கார்ந்த மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவள் தானாக உட்கார்ந்தால் பேச்சு வரும். நீங்கள் உட்காரவைத்தால் ஒருவரும் பேச மாட்டார்கள்.

அந்தச் செருப்பு எப்படி இருக்கிறது என்று அவள் உங்களிடம் வந்து கேட்டால், வலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அழகாயிருக்கிறது என்று அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி